விளையாட்டும் வேதனமும்

கலாசாலையின் பெயர் தாங்கி ஆடுகளத்தில் இறங்கும் மாணாக்கனுக்கு அக்கலாசாலை பொருள் கொடுத்தல் தகுமோ தகாதோ என்னும் வினா அமெரிக்க ஐக்கிய நாட்டில் நியாயஸ்தலங்கள் வரை சென்று ஒருவாறு விடையும் பெற்றுவிட்டது. நம் நாட்டில் அஃது இன்னும் திண்ணைப் பேச்சாகவே நிற்கின்றது. விளையாட்டு விழா நாட்களில், பரிசளிப்பு முடிந்து காப்பி அருந்தும் வேளையில், ஆசிரியருள் ஒருவர் தகும் என்பார். மற்றொருவர் தகாது என்பார். மணி அடித்ததும் இருவரும் எழுந்து போவர். அங்ஙனம் விட்டுவிடத்தக்க விஷயமன்று இஃது என்பது எம் துணிபு. அதற்குக் காரணம் எம் ஊரார் ஒருவர்க்கு நேர்ந்ததொன்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

தகாது என்பாரின் வாதத்தை முதற்கண் கேட்போம். கலாசாலை கல்விக்கு ஆயது, விளையாட்டு உடலின் உறுதிக்கும் உள்ளத்தின் உவகைக்கும் ஆயது, அதனிடையே காசு புகுமாயின் உவகை போய்க் கணக்கு வரும், தோழர் கூலியாட்களாவர், வெற்றியின் மகிழ்ச்சி விலையாகும். இவ்வாதத்தில் உண்மை அறவே இல்லை என்று யாம் சொல்லோம். ஆயினும் காசு புகுந்த அக்கணமே விளையாட்டின் தூய்மை கெடும் என்பார், தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் ஒருமுறை எம் ஊர்ப்பக்கம் வந்து பார்ப்பாராக.

எம் ஊர் மகாராஜபுரம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. சதுரகிரி மலையேறுவார் தாணிப்பாறைக்குப் போகும்போது இவ்வூரை அறிவர். தென்னந்தோப்பும் நெல்வயலுமாகிய இப்பக்கத்துச் சிற்றூர்களில், நெல்லறுத்த வயலைச் சமன் செய்து நீர் தெளித்து, விளக்குத்தூண் நாட்டி, இரவு முழுதும் கபடிப் பந்தயம் நடத்துதல் வழக்கம். சடுகுடு என்று எம் பாட்டன்மார் அழைத்த ஆட்டமே அது. முதற் பரிசு இத்தனை ஆயிரம், உபயம் இன்னார் என்று துண்டுப் பத்திரிகையில் அச்சிட்டே விடுகின்றனர். வென்ற குழுவினர் வண்டிச் சத்தமும் பரோட்டாச் செலவும் போக எஞ்சியதை விடியற்காலையில் டீக்கடைப் பலகையில் வைத்துப் பங்கிட்டுக்கொள்வர். தோற்றவருள் எவனும் அவரைக் கூலிக்காரர் என்று இகழக் கண்டோமில்லை. மூன்றாம் நாள் வேறோர் ஊரில் அதே இளைஞர் அதே ஆவலுடன் தொடை தட்டிப் பாடிப்போவதையும் கண்டிருக்கிறோம். காசு அங்கு ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. மறைவின்றி நடுவில் வைக்கப்பட்டதால் கெடுக்கவில்லை போலும்.

அங்ஙனமாயின் விளையாட்டுக்குக் காசு ஆகாது என்னும் கொள்கை எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்து வந்தது. அமெச்சூர் என்று ஒரு சொல் உண்டன்றோ? விருப்பம் ஒன்றே பற்றி ஆடுபவன் என்பது அதன் பொருள். கேட்க இனிய சொல்தான். ஆனால் ஹென்லி என்னும் ஊரில் நடைபெறும் புகழ்பெற்ற படகுப் பந்தயத்தார் 1879-இல் இதற்கு வகுத்த இலக்கணத்தைப் பார்த்தால் இனிமை குறைகின்றது. காசுக்குப் படகு வலித்தவன் மட்டுமன்றிக் கைத்தொழிலாளனும் கூலியாளனுங்கூட அமெச்சூர் ஆகான் என்று அவர் விதித்தனர். உடலுழைப்பால் வயிறு வளர்ப்பவன், பந்தயத்துக்கு ஒரு காசும் பெறாதவனாயினும், கனவான்களோடு துடுப்புப் பிடித்தல் ஆகாது என்பது கருத்து. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்துக்கு வந்த ஆஸ்திரேலியப் படகோட்டிகள் போலீஸ்காரர் என்ற காரணத்தால் ஹென்லியில் விலக்கப்பட்டனர். அதன்பின் எழுந்த கூச்சலால் 1937-இல் அவ்விதி மாற்றப்பட்டது. கிரிக்கெட்டிலும் 1806 முதல் 1962 வரை கனவான்களுக்கும் கூலி ஆட்டக்காரர்க்கும் தனித்தனிக் குழு அமைத்துப் பந்தயம் நடத்தி வந்தனர். கனவான்களின் தலைமணியாக விளங்கிய டபிள்யூ. ஜி. கிரேஸ், கூலி ஆட்டக்காரர் பலரினும் மிகுதியாகக் கிரிக்கெட்டால் பொருள் ஈட்டினார் என்பது அக்காலத்தார் யாவரும் அறிந்த இரகசியம். ஆகவே அத்தூய்மையின் வேரில் தூய்மையைக் காட்டிலும் சாதியே மிகுதியாகக் கிடந்தது. எம் நாட்டார்க்கு இது புரியாத செய்தியன்று.

அவ்விதியால் மிக வருந்தியவர் ஜிம் தோர்ப் என்னும் அமெரிக்க ஆதிக்குடி மாணாக்கர். கார்லைல் பள்ளியில் பயின்ற அவர், 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்நிகழ்ச்சிப் போட்டியிலும் பத்து நிகழ்ச்சிப் போட்டியிலும் பொற்பதக்கம் பெற்றார். 1909, 1910 ஆகிய ஆண்டுகளின் கோடை விடுமுறையில் சிறு சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடினார் என்று சொல்லி 1913-இல் இரண்டையும் பறித்தனர். மற்ற கலாசாலை மாணாக்கர் பலர் பொய்ப் பெயரில் அங்ஙனமே ஆடினர். இவர் தம் பெயரிலேயே ஆடியது குற்றமாயிற்று. 1953-இல் அவர் இறந்தார். 1982-இல் பதக்கங்களைத் திருப்பித்தர இசைந்தனர். அவரே தனி வெற்றியாளர் என 2022-இல்தான் அறிவித்தனர்.

பழைய கிரேக்கர் இலைமாலைக்கே ஓடினர் என்று மேடைதோறும் கூறக் கேட்கிறோம். மாலை இலைமாலைதான்; ஆனால் ஒலிம்பியாவில் வென்று திரும்பும் ஆதென்ஸ் நகரத்தானுக்கு 500 திராக்மாவும், கொரிந்துவை அடுத்த இஸ்த்மியப் பந்தயத்தில் வென்றவனுக்கு 100 திராக்மாவும் அளிக்கச் சோலோன் சட்டம் செய்தார் எனப் புளூட்டார்க் எழுதிவைத்துள்ளார்.

அக்கொரிந்துவின் சபையார்க்கே பவுல் அப்போஸ்தலர் நிருபம் விடுத்தார். முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் ஓட்டப்பந்தயத்தையும் வாடும் மாலையையும் உவமையாக எடுத்தது நம் கலாசாலை ஆலயத்தில் விளையாட்டு நாள்தோறும் வாசிக்கப்படும் பகுதி, யாவர்க்கும் தெரிந்தது. அதே அதிகாரத்தின் முற்பகுதி அன்று வாசிக்கப்படுவதில்லை. போர்வீரனையும் திராட்சத்தோட்டம் நட்டவனையும் மந்தை மேய்ப்பவனையும் போரடிக்கும் மாட்டையும் சான்றுகாட்டி, உழைப்பவனுக்கு அவ்வுழைப்பினின்று பிழைக்கும் உரிமை உண்டு என்று அங்கே அவர் நிலைநாட்டுகின்றார். பின்னரே, அவ்வுரிமையைத் தாம் செலுத்தவில்லை என்கிறார். இவ்வரிசை எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. உரிமை உண்டென நிறுவியபின் தமதைத் தாமே விட்டார்; பிறனொருவன் உரிமையை அவன் சார்பில் விட்டுக்கொடுத்தாரல்லர். காசு வேண்டேன் என்று ஓர் ஆட்டக்காரன் சொன்னால் அஃது அவன் பெருமை. அவனுக்குக் காசு வேண்டாம் என்று அவனால் கோப்பை பெற்ற கலாசாலை சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

நிற்க. நம் நாட்டுக் கலாசாலைகள் ஆட்டக்காரருக்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்பதும் உண்மையன்று. கொடுத்தே வருகின்றன, கொடுப்பதற்குப் பெயர் வைக்காமல் கொடுக்கின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், சம்பளத்தில் தள்ளுபடி, விடுதியில் இலவச அறை, காலையில் இரண்டு முட்டை, பந்தயத்துக்குப் போக இரயில் சீட்டு. அதற்கப்பால் உத்தியோகம் என்னும் நம்பிக்கை. இது பழைய வழக்கம். 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதற் பந்தை வீசிய எம். ஜே. கோபாலன், கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். அவருக்குச் சோறிட்டது பர்மா ஷெல் கம்பெனியின் உத்தியோகம். இன்று இரயில்வேயும் போலீசும் பாங்குகளும் அவ்விடத்தில் நிற்கின்றன. தமிழக அரசு தன் உத்தியோகங்களில் நூற்றுக்கு மூன்று இடங்களை விளையாட்டு வீரர்க்கென ஒதுக்கியுள்ளது. கேலோ இந்தியாத் திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞனுக்கு மத்திய அரசு கைச்செலவுக்கென்றே மாதம் 10,000 ரூபாய் தருகின்றது. ஆகவே கொடுப்பதா கொடாமலிருப்பதா என்பது காலங்கடந்த வினா. கொடுக்கப்படுவது எதற்காக, எதுவரை, அது நின்றுபோனால் யாரைக் கேட்பது என்பதே இன்றைய வினா.

இனி எம் ஊராரைப் பற்றிக் கூறுவோம். பெயர் கூறோம். தந்தை தேங்காய் வெட்டுக்குப் போகும் தொழிலாளி. தாய் வயல் வேலைக்குச் செல்பவர். பையன் பள்ளிப் பருவத்தில் ஆடி அமாவாசைதோறும் சதுரகிரி ஏறுவாரின் மூட்டையைத் தலையில் தாங்கி மலையேறிச் சில்லறை சம்பாதித்தவன். அக்கால்களே அவனுக்கு முதலாயின. பாடிப்போகையில் எதிரியின் பிடி கணுக்காலில் விழுமுன் அவன் கோட்டைத் தாண்டிவிடுவான். மேற்கூறிய பொங்கற் பந்தயமொன்றில் அவனைக் கண்ட தூரத்துக் கலாசாலை ஒன்றின் தேகப்பயிற்சி ஆசிரியர், மறுநாளே வீடு தேடி வந்தார். படிப்பு இலவசம், விடுதி இலவசம், சாப்பாடு இலவசம், மூன்றாண்டு முடிந்ததும் இரயில்வேயில் சொல்லிவைப்போம் என்றார். காகிதம் எதுவும் இல்லை. வாசலில் நின்று சொன்ன சொல்தான். எம் பக்கத்தில் அறுவடைக் கூலியும் கலியாணச் செலவும் வாய்ச்சொல்லில் நடப்பவை; ஆதலால் எவர்க்கும் ஐயம் தோன்றவில்லை.

இரண்டாண்டு அக்கலாசாலை கோப்பை வென்றது. புதிய மாணாக்கரைச் சேர்க்கும் ஆனி, ஆடி மாதங்களில் சாலையோரத்துப் பெரும் பலகைகளில் கோப்பையேந்தி நின்றவருள் அவன் நடுவில் நின்றான். எம் ஊர்ப் பஸ்ஸின் பின்புறத்திலும் அப்படம் ஒட்டப்பட்டு வந்தது. மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் கலாசாலைகளுக்கிடையே நடந்த பந்தயத்தில் நால்வர் அவனை ஒருங்கே பிடித்து வீழ்த்த, முழங்காலின் தசைநார் அறுந்தது. எவருடைய குற்றமும் அன்று. ஆட்டத்தின் இயல்பு அத்தகையது. அரசாங்கக் காப்பீட்டினால் மதுரையில் அறுவை நடந்தேறியது. அதன்பின் ஆறு மாதப் பயிற்சியும், அதற்கு வாரந்தோறும் பஸ் செலவும், உடன் செல்வார் இழக்கும் நாட்கூலியும் எந்தக் காப்பீட்டிலும் அடங்கவில்லை. அவன் ஊன்றுகோலுடன் திரும்பியபோது விடுதி அறையில் வேறோர் ஆட்டக்காரன் இருந்தான். சம்பளச் சீட்டு வீட்டுக்கு வந்தது. தள்ளுபடி ஆடுவோர்க்கே உரியது என்று அலுவலகத்தில் விளக்கினர். அவர்கள் கூறியது விதிப்படி சரியாகவும் இருக்கலாம். அவ்விதியை முதல் நாள் வாசலில் நின்றபோது எவரும் படித்துக்காட்டவில்லை.

அவன் தந்தையார் எம்மிடம் வந்து அச்சீட்டைக் காட்டினார். "உழுத மாடு நொண்டியாயிட்டா அன்னைக்கே தீவனத்த நிறுத்துற சம்சாரி உண்டாய்யா?" என்று கேட்டார். விற்றுவிடுகிற சம்சாரி உண்டு என்பதை அவரும் அறிவார், யாமும் அறிவோம். இருவரும் அதனைச் சொல்லவில்லை. இரண்டு ஆடுகளை விற்றும் கைமாற்று வாங்கியும் அவர் பணம் கட்டினார். பையன் ஓராண்டு தாழ்ந்து பட்டம் பெற்றான். இப்போது சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் கூடமொன்றில் கணக்கு எழுதுகின்றான். மழைக்காலத்தில் முழங்கால் வலிக்கும் என்கிறான்.

இதனோடு மற்றொரு முழங்காலை ஒப்பிட்டுப் பார்ப்போம். 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணியார் பவன் செஹ்ராவத் என்னும் கபடி வீரரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில், அவ்வணிக்காக அவர் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, அப்பருவம் முழுதும் வெளியே இருந்தார். மறு ஆண்டு ஆசிய விளையாட்டில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் பொற்பதக்கம் பெற்றார். அவ்வாண்டின் ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அணியார் முன்னினும் மிகுதியாக 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் கொடுத்து அவரை எடுத்தனர். அவர் திறமை வேறு, எம் ஊர்ப் பையன் திறமை வேறு என்பது மெய்யே. ஆயினும் அடிபட்ட கால் ஆறுவதற்கு வேண்டுவன காலமும் வைத்தியமும் கவலையற்ற சோறும். அவை திறமையைப் பொறுத்தவையல்ல. கோடியில் விலைபோகிறவனுக்கு அவை உள. விருப்பத்துக்கு ஆடுகிறவன் என்று பெருமையாகப் பேசப்படுபவனுக்கு அவை இல.

அமெரிக்காவில் இவ்வழக்கின் தொடக்கமும் காயம்பட்ட ஒருவனிடத்தேதான் இருக்கின்றது. 1955-இல் கொலராடோ மாகாணத்துக் கலாசாலை ஒன்றின் கால்பந்தாட்டக்காரர் ரே டென்னிசன் தலையில் அடிபட்டு மாண்டார். தொழிலில் இறந்த தொழிலாளியின் மனைவிக்குரிய ஈட்டுத்தொகையை அவர் மனைவி கேட்டார். கலாசாலை கால்பந்தாட்டத் தொழிலில் ஈடுபட்டதன்று என்று 1957-இல் அம்மாகாண உயர்தர நியாயஸ்தலம் தள்ளிவிட்டது. அக்காலத்தேதான் அந்நாட்டுக் கலாசாலை விளையாட்டுச் சங்கத்தார் ‘மாணவ வீரர்’ என்னும் சொல்லை வழக்கில் கொணர்ந்தனர். மாணாக்கனுக்குப் பெருமை சேர்ப்பது போன்ற அச்சொல், அவன் தொழிலாளி அல்லன் என்று கூறுவதற்கு ஆயிற்று. பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனப்பட்டு அச்சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். மறு மாதம் முதல் மாணாக்கர் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பொருள் பெற இடமுண்டாயிற்று. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏற்கப்பட்ட உடன்பாட்டின்படி, ஒவ்வொரு கலாசாலையும் தன் ஆட்டக்காரர்க்கு முதலாண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேராகவே பகிர்ந்தளிக்கலாம். முன்னர் ஆடியவர்க்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் பத்தாண்டில் கொடுக்கப்படல் வேண்டும்.

அவ்வழியை நாம் அப்படியே பின்பற்றுக என்று யாம் கூறவில்லை. அங்கே கலாசாலைக் கால்பந்தாட்டம் பல்லாயிரவர் சீட்டு வாங்கிப் பார்ப்பது. தொலைக்காட்சிக் கம்பெனிகள் பெரும்பொருள் கொட்டுவது. நம் பந்தயங்களையோ வேப்ப மரத்தடியில் நான்கு பெஞ்சும், வகுப்புக்கு டிமிக்கி கொடுத்த நாற்பது மாணாக்கருமே பார்க்கின்றனர். சம்பளம் கொடுக்க வருமானம் எங்கே? மேலும் அங்குப் பங்கிடப்படும் பொருளில் பெரும்பகுதி ஆடவர் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்குமே போய்ச் சேர்கின்றது. மிகுதியாகக் கொடுப்பாரைத் தேடி ஆண்டுக்கோர் கலாசாலை மாறும் வழக்கமும் பெருகியிருக்கின்றது. நம் மகளிர் குழுக்கள் இப்போதே கிழிந்த வலையுடன் ஆடுகின்றன. சந்தை விலை வைத்தால் அவ்வலையும் போய்விடும். ஆதலால் மாதச் சம்பளம் வேண்டும் என்பார் பக்கம் யாம் நிற்கவில்லை. ஒன்றும் வேண்டாம் என்பார் பக்கம் நிற்பது அதனினும் இயலாது.

யாம் வேண்டுவது ஒரு காகிதம். ஆட்டக்காரனாகச் சேர்க்கப்படும் மாணாக்கன் கையிலும் அவன் பெற்றோர் கையிலும், தமிழில் எழுதி, பிரின்ஸிபாலின் கையொப்பமிட்டுக் கொடுக்கப்படும் ஒரு காகிதம். அவன் அடிபட்டாலும், குழுவினின்று நீக்கப்பட்டாலும், பட்டம் பெறும்வரை சம்பளத் தள்ளுபடியும் விடுதியும் நிற்கும் என்று அதில் இருத்தல் வேண்டும். ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு அறுவைச் செலவு மட்டுமன்றி அதன்பின் நடக்கும் பயிற்சிச் செலவும் கலாசாலையின் பொறுப்பென்று இருத்தல் வேண்டும். காசுப் பரிசு வந்தால், எம் ஊர் டீக்கடைப் பலகையில் நடப்பதுபோல, ஆடியவர்க்குப் பங்கு இத்தனை என்று இருத்தல் வேண்டும். அவன் படத்தைப் பலகையில் ஏற்றுவதாயின் அவனைக் கேட்டு ஏற்றுதல் வேண்டும். உத்தியோகம் வாங்கித் தருவோம் என்று எழுத எவராலும் இயலாதாகையால், அதனை வாயாலும் சொல்லாதிருத்தல் வேண்டும்.

செலவுக்கு எங்கே போவது என்று காசாளர் கேட்பர். குழுவுக்குப் பன்னிருவராக நான்கைந்து குழுக்கள் வைத்திருக்கும் கலாசாலைக்கு ஆண்டில் அறுபது பேர். அறுபதின்மருக்கும் விபத்துக் காப்பீடு எடுக்கும் தொகை, விளையாட்டு விழா மேடைக்கும் பந்தலுக்கும் ஆகும் தொகையினும் மிகாது என்பதை இரண்டு காப்பீட்டு ஏஜெண்டுகளிடம் விசாரித்து அறிந்தோம். காயம்பட்டவனுக்கு விடுதி அறை கொடுத்தால் புதிய ஆட்டக்காரனுக்கு அறையில்லை என்பதே மெய்யான இடர்ப்பாடு. அங்ஙனம் நேர்ந்தால் அவ்வாண்டு ஓர் ஆட்டக்காரன் குறைவாகச் சேர்ப்பதே முறை. ஒரு கோப்பை தவறலாம். அதனால் கலாசாலை மூடப்பட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

நம் கலாசாலையில் இவ்வழக்கம் எவ்வாறுள்ளது என்று இவ்வாண்டுக் குழுக்களின் தலைவர்களைக் கேட்டோம். தள்ளுபடி உண்டு, அறை உண்டு, காயம்பட்டவரை இதுவரை எவரும் வெளியேற்றவில்லை என்று மகிழ்ச்சியுடன் கூறினர். எழுத்தில் உண்டோ என்றதற்கு ஒருவரை ஒருவர் பார்த்தனர். பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அக்காகிதத்தின் நகல் ஒன்றை யாமே எழுதி வைக்கப் போகிறோம். தேகப்பயிற்சி ஆசிரியரும் காசாளரும் அன்று வர இசைந்துள்ளனர். சத்திரப்பட்டியிலிருந்து அவ்விளைஞனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். எவ்வெவற்றைச் சேர்க்கவேண்டும் என்பது எம்மைக் காட்டிலும் அவனுக்குத் தெரியும்.